மீன்பாடி வண்டிக்காரன் சிலை

ஏகாம்பரத்துக்கு மயிலாப்பூரில் சிலை வைத்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. நகரத்தின் பாரம்பரியத்தைக் கொண்டாடப் போகிறோம் என்று ஒரு கலைக் குழு கிளம்பி மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று இருபது இடங்களில் ஃபைபர் சிலைகளை நிறுத்தியது. பூக்காரி, காபிக் கடைக்காரர், வலை பின்னும் மீனவர். நடைபாதையில் மஞ்சள் பெயிண்டில் கால்தடம் போட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், காலணா செலவில்லை.

தெப்பக்குளத்து மூலைக்கு வந்தது மீன்பாடி வண்டிக்காரன். மூன்று சக்கரம், முன்னால் பலகையில் மூட்டைகள், பின்னால் எழும்பி நின்று மிதிக்கும் ஆள். அதற்கு ஒரு முகம் தேடி அலைந்த சிற்பி நிஷாவின் கண்ணில், டீக்கடை வாசலில் முறுக்கு மீசையோடு உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் பட்டான். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் பிறந்ததிலிருந்து ஒரு வண்டியையும் மிதித்ததில்லை, மிதிக்கிறவர்களிடம் மாமூல் வாங்கித் தின்றே உடம்பு வளர்த்தவன் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

அன்புச்செல்வி சொல்லியிருப்பாள். அவள் புருஷன் கதிரேசன் நிஜமாகவே மீன்பாடி வண்டி ஓட்டியவன். ஆறு வருஷத்துக்கு முன்னால், இனிமேல் மாமூல் கிடையாது என்று நாலு பேர் முன்னால் சொன்னான். மறுநாள் பட்டப்பகலில், மார்க்கெட் வாசலில், அவன் வண்டிப் பலகை மேலேயே அவனைப் போட்டு ஏகாம்பரம் வெட்டினான். பதினேழு வெட்டு. சாட்சி சொல்ல ஒருத்தனும் வரவில்லை, கேஸ் ஊத்திக்கொண்டது. இப்போது அதே மாதிரி வண்டியில் அந்தக் கொலைகாரனை ஏற்றி வைத்து, கீழே "உழைப்பே இவர் அடையாளம்" என்று எழுதியும் விட்டார்கள். வயிறு எரியாதா?

இதில் இன்னொரு கொடுமை. அன்புச்செல்வி ஒப்பந்தத் துப்புரவு வேலைக்காரி. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். தெப்பக்குளத்து மூலை அவள் பெருக்குகிற இடம்.

நம் ஊரில் சிலை என்றால் பெரிய மனுஷன் என்று அர்த்தம். அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் நமக்கு இல்லை. திறந்த அன்றைக்கே ஏகாம்பரத்தின் ஆட்கள் மேளத்தோடு வந்து ஆளுயர மாலை போட்டார்கள், பத்தாயிரம் வாலா வெடித்தார்கள், மூன்று குடம் பாலைச் சிலையின் தலையில் கவிழ்த்தார்கள். கலைக் குழுக்காரர்கள் இதையும் பாரம்பரியம் என்று நினைத்து வீடியோ எடுத்தார்கள். மறுநாள் பால் புளித்து, ஈ மொய்த்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷுமாக அந்த மீசையை அன்புச்செல்விதான் தேய்த்தாள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் குரல் கொடுத்தான்.

"நல்லா தேய்ம்மா. காதாண்ட இன்னும் பாலு கீது பாரு."

அவள் நிஷாவிடமும் போய்ப் பார்த்தாள். "மேடம், அந்த மூஞ்சிய மட்டும் மாத்திடுங்க. அவன் எங்க வூட்டுக்காரர வெட்டினவன்."

நிஷா பதறித்தான் போனாள், இல்லையென்று சொல்லக் கூடாது. யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தாள். "கோர்ட்டே அவரை விட்டுடுச்சாமே. நாங்க என்னங்க பண்ண முடியும்? அது ஒரு தனி ஆளோட சிலை இல்லைங்க, எல்லா உழைப்பாளிக்கும் பொதுவானது. மூணு மாசத்துல எடுத்துடுவோம்."

மூன்று மாசம் வரைக்கும் வேலு பொறுப்பானா? அதுதான் அவள் கவலை. வேலு கதிரேசனின் தம்பி. பத்து வயசில் தாயும் தகப்பனும் இல்லாமல் வந்தவனை அவள்தான் சோறு போட்டு ஆளாக்கினாள். இப்போது குட்டியானை வண்டி ஓட்டுகிறான், தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு லோடு அடிக்கிறான். ஆவணியில் கல்யாணம். ஆறு வருஷமாக அவன் கையில் கத்தி ஏறாமல் அவள் பார்த்துக்கொண்டது அவளுக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலுவின் வண்டியில் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனவள், சீட்டுக்கு அடியில் துண்டில் சுற்றிய பட்டாக்கத்தியைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"பாத்துட்ட இல்ல, வுடு அண்ணி. நாளிக்கி காலீல சிலைய பாக்க கூட்டம் வரும், அவனும் வந்து மீசைய முறுக்கிகினு நிப்பான். லோடு எறக்கிட்டு எட்டு மணிக்கு வரேன். அவன் சிலையாண்டயே அவன சாய்க்கிறேன்."

"கல்யாணம்டா வேலு."

"அண்ணன் வாயில பாலு ஊத்தி கண்ண மூடுனோம். அந்த நாய்க்கும் பாலாம். என்னால முடில அண்ணி."

பேசிக் கேட்கிற கட்டத்தை அவன் தாண்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்குச் சிலையைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள், நிஷா விளக்கிக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி சாக்கடை மூடியைத் தூக்குகிற கடப்பாறையோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள். சிலை ஒழிந்தால் வேலுவின் கோபத்தில் பாதி ஒழியும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. முதல் அடி மீசையில் விழுந்தது. உள்ளே வெறும் காற்றுதான், பானை மாதிரி உடைந்தது. இரண்டாவது அடியில் தலை கழன்று ரோட்டில் உருண்டது. நிஷா அலறினாள், கூட்டம் சிதறியது. அன்புச்செல்விக்கு ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

டீ கிளாஸை எறிந்துவிட்டு ஏகாம்பரம் ஓடி வந்தான். இடுப்பிலிருந்து கத்தியை உருவி, ஒரு வார்த்தை கேட்காமல் வீசினான். அவள் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சதை பிளந்து தொங்கியது. அடுத்த வீச்சுக்கு அவன் கையை ஓங்கியபோது அவள் கடப்பாறையைக் குறுக்கே சுழற்றினாள். முழங்கால் முறிகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. சிலையின் காலடியில் விழுந்தவன் கையிலிருந்து கத்தி தெறித்துப் போனது.

அவள் அத்தோடு நிறுத்தியிருப்பாள். நிஜமாகவே நிறுத்தியிருப்பாள். அவன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உன் கொழுந்தன் ஏவி வுட்டானாடி? ஆவணில கல்யாணமாமே அவனுக்கு. மாலைய நான் எடுத்தாரேன். போட்டோவுக்குப் போடற மாலை."

கடப்பாறையை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். வெட்டுப்பட்ட கைக்கு எங்கிருந்து வலு வந்ததென்று அவளுக்கே தெரியாது. நெற்றிப்பொட்டில் இறக்கினாள். அவன் கால் ரெண்டு தரம் இழுத்துக்கொண்டது. மூன்றாவது அடி தேவையே இல்லை, ஆனாலும் போட்டாள். அது கதிரேசனுக்கு.

அப்புறம் நடைபாதையில், மஞ்சள் கால்தடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். டிராஃபிக் கான்ஸ்டபிள் மூச்சிரைக்க வந்து, எட்டத்திலேயே நின்று லத்தியை நீட்டினார்.

"நான்தான் சார் அடிச்சேன். கூட யாரும் கெடையாது," என்றாள். "எல்லாரும் வீடியோ புடிச்சாங்க, வாங்கிப் பாருங்க."

அந்த நேரம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வேலு வந்து நின்றான். அக்குளில் துண்டு மூட்டை. தரையில் கிடந்தவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாய் அ என்று திறந்தது. அவள் கண்ணை உருட்டி அதட்டினாள், சின்ன வயசில் அதட்டுகிற அதே அதட்டல். வாய் மூடிக்கொண்டது.

"யார்மா அது? ஒன் ஆளா?"

அவள் வேலுவை மேலிருந்து கீழ் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். மறுபடி எத்தனை வருஷம் கழித்துப் பார்ப்பாளோ.

"யாருன்னே தெரில சார். லோடு வண்டிக்காரன் போல. வேலய வுட்டுட்டு வேடிக்க பாத்துகினு கீறான், போவ சொல்லுங்க."

"போடா, வண்டிய எடு," என்று கான்ஸ்டபிள் விரட்டினார்.

வேலு நகர்ந்தான். அவன் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே, பார்த்தால் அழுதுவிடுவானே என்று அன்புச்செல்வி கபாலியை வேண்டிக்கொண்டாள்.