இடது கைக் குறுக்குவழிகள்

பயிற்சி அறையின் முப்பது கம்ப்யூட்டர்களிலும் ஒரே நேரத்தில், கமாண்டுகள் தட்டும் அந்த வெளிர்பச்சைத் திரை விரிந்தபோது, மூன்றாவது வரிசையில் இருந்தவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அந்த நிறம் அவள் தேர்ந்தெடுத்தது. சர்வர் கோப்புகளை நகலெடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் அவள் எழுதியது. எதையாவது அழிக்கப் போனால் "அடியே, நல்லா யோசிச்சியா?" என்று கேட்கும் எச்சரிக்கைகூட அப்படியே இருந்தது. அதைக்கூட மாற்றத் தோன்றவில்லை டீம் லீடருக்கு.

ஏழு வருடங்களுக்கு முன் நடந்த விபத்தில் அவள் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. வேலையை விட்டுவிடச் சொன்னார் கணவர். அவளோ நீளமான கமாண்டுகளை ஒவ்வொன்றாக, இடது கைக்கு எட்டும் இரண்டு எழுத்துகளாகச் சுருக்கினாள். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் கை தடுமாறக் கூடாதென்று எல்லாவற்றையும் 'கிட்' (Git) என்ற மென்பொருளில் போட்டுவைத்தாள். எந்த வரியை யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்று அது ஒன்றுவிடாமல் குறித்துவைக்கும். போன மாதம் டீம் லீடர், "சும்மா பாத்துட்டுத் தரேம்மா" என்றபோது தயங்காமல் கொடுத்தாள்.

இப்போது விளக்கணைத்த அறையில் அவர் புரொஜெக்டர் வெளிச்சத்தில் நின்று, "இது என்னோட ரெண்டு வருஷ உழைப்பு" என்றார்.

அவள் மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு பதிவு. போன வாரத் தேதி, அவர் பெயர். ஏழு வருடமும் துடைத்துவிட்டாற்போல் காணோம்.

"சார், எல்லா ஷார்ட்கட்டும் ஏன் கீபோர்டுல இடது கைப் பக்கமே இருக்கு?" பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அது... ஆராய்ச்சி பண்ணி வெச்சதும்மா."

அவளுக்கு உச்சந்தலைவரை சுரீரென்று ஏறியது. விரல்கள் மடங்க வேண்டுமென்று பிசியோதெரபியில் சூடான மெழுகில் கையை முக்கி முக்கி எடுத்த எட்டு மாதங்கள் ஆராய்ச்சியாமே! பழைய பதிவுகள் அழியாமல் இருந்த தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் புரொஜெக்டர் கேபிளை அதில் செருகினாள்.

"என்னம்மா இது, அப்புறம் பேசிக்கலாம். டீமோடதுதானே, இதுல உன்னோடது என்னோடதுன்னு..."

"டீமோடதாவே இருக்கட்டும் சார். எல்லாரும் எடுத்துக்கட்டும், எனக்குச் சந்தோஷந்தான். என் பேரை எதுக்கு அழிச்சீங்க?"

திரையில் அவளுடைய முதல் பதிவு எழுந்தது: 'வலது கையில் கட்டு. இன்றைக்கு ஒரே ஒரு கமாண்டைச் சுருக்கியாச்சு.' அடுத்தது: 'மறுபடி தப்பு. அழுதேன். நாளைக்குப் பார்க்கலாம்.' தனக்குத் தானே எழுதிக்கொண்டது. இன்னொருவர் படிப்பார் என்று நினைத்ததே இல்லை. முகம் காந்தியது. எல்லோரும் படிக்கிறார்களே என்று ஒரு கணம் கை கேபிளிடம் போனது. பிடுங்கவில்லை. பட்டியலை மெதுவாக நகர்த்தினாள்.

"சரி சரி, டீ குடிச்சிட்டு வாங்க எல்லாரும்" என்றார் டீம் லீடர். ஒரு நாற்காலியும் நகரவில்லை. பின்வரிசைப் பெண் எழுந்து நின்று, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். இருட்டில் அவர் விளக்கு சுவிட்சைத் தேடி சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.