இரத்தத்தில் இல்லாதது

திசுப் பரிசோதனைக் கூடத்தில் அக்காவின் வேலை, மெழுகில் பதித்த சதைத் துண்டுகளை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவது. யார் யார் சதையையோ அசராமல் சீவிய கை, தம்பியின் பெயர் ஒட்டிய துண்டுகள் வந்த அன்று மற்றதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அவற்றைத் தொட்டது. அவன் பெருங்குடலில் மொட்டு மொட்டாகக் கட்டிகள். விட்டால் புற்றாகக்கூடியவை என்று வெட்டி எடுத்திருந்தார்கள்.

பரம்பரைக் கோளாறா என்று இரத்தத்தைச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "ரத்தமே சுத்தம்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். அவனுடைய ஒரே மகளை, எட்டு வயது வாயாடியை, யாரும் சோதிக்கவில்லை.

மருத்துவர் மட்டும் விடவில்லை. கட்டிகளையே தனித்தனியாகச் சோதிக்கச் சொன்னார். அக்காதான் சீவிக் கொடுத்தாள். எல்லாக் கட்டியிலும், ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழை. தற்செயலாக வந்திருந்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருந்திருக்கும். அவன் கருவாக இருந்தபோதே ஏதோ ஒரு செல் பிசகியிருக்கிறது. அதன் வாரிசுகள் குடலுக்குப் போயின, இரத்தத்துக்குப் போகவில்லை என்றார் மருத்துவர். விந்தணுவுக்கும் போயிருந்தால் குழந்தைக்கும் வந்திருக்கலாம், அவளைச் சோதித்துவிட வேண்டும்.

அக்கா சொன்னதைக் கேட்டுத் தம்பி சிரித்தான்.

"எனக்கே உடம்புல ஏதோ ஒரு மூலையிலதான் இருக்குங்கற. அதுல அவளுக்கு எவ்வளவு வந்துடப் போகுது? கடுகளவு."

"அது அப்படிப் பங்கு பிரிக்கிற விஷயமில்லடா."

"சும்மா வயித்துல புளியக் கரைக்காதக்கா."

கடைசியில் அவன் மனைவிதான் ஒரே பிடியாக நின்று குழந்தையை அழைத்து வந்தாள். ஊசி குத்தும்போது வாயாடி அழவில்லை. "அத்தை, அப்பாவோடதவிட என் ரத்தம் நல்ல சிவப்பா?" என்று கேட்டாள். அக்கா ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

முடிவு வந்த அன்று தம்பி அக்காவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனான். "இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எந்த இடத்துல டாக்டர்? எனக்கு எடுத்த மாதிரி அத மட்டும் எடுத்துடலாமில்ல?"

அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"இடம்னு ஒண்ணு இல்லடா. உன்கிட்டேருந்து போன ஒரே ஒரு செல்லுல அது இருந்திருக்கு. அதுலேருந்துதான் அவ முழுசா வளர்ந்திருக்கா. உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் எல்லாத்துலயும் இருக்கு."

வெளியே வாயாடி யாரிடமோ கதையளந்துகொண்டிருந்தாள். தம்பி மெல்ல எழுந்து கதவைச் சாத்தினான். திரும்பியவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்குப் பாதி உடம்பாவது மிச்சம் வெச்சுதே அக்கா," என்றான், "அவளுக்குக் கொஞ்சம்கூட வெக்கலியா?"