ஏழாம் அட்டவணை

முத்துப்பிரியாவின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஓர் எண்ணை நம்பி எழுதப்பட்டிருந்தது. 1988-இல் ஒரு கல்லூரிக் குழு மலையேறிப் போய், ஒரு எஸ்டேட்டின் ஏலத்தோட்டக் குடும்பங்களைக் கணக்கெடுத்து அறிக்கை எழுதியது. பின்னால் வந்த மூன்று ஆய்வேடுகள் அதன் ஏழாம் அட்டவணையிலிருந்து அந்த எண்ணை எடுத்துக் காட்டின. மூன்றிலும் ஒரே பக்க எண், ஒரே எழுத்துப்பிழை. மூலத்தை யாருமே பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் அதில்தான் தொடங்கியது.

அவள் படிக்கும் மதுரையில் அறிக்கை கிடைக்கவில்லை. சொந்த ஊரான போடியிலேயே, நூலகத்தின் பூட்டிய பீரோவில் ஒரு பிரதி இருந்தது. நூலகர் ஈஸ்வரன் எடுத்துக் கொடுத்தபோது அதன்மேல் தூசியே இல்லை.

ஏழாம் அட்டவணை: பதினான்கு வயதுக்குட்பட்ட தொழிலாளர், பூஜ்யம். பக்கத்தில் பென்சிலில், நிதானமான எழுத்தில், ‘பொய்’ என்று எழுதியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற அடுத்த அட்டவணையிலும் அதே சொல்.

“இதை யாருண்ணே எழுதுனது?”

“புத்தகத்துல கிறுக்குறவுக ஆயிரம் பேரு. நான் யாரைன்னு பாக்குறது?” என்றார் ஈஸ்வரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பின்னட்டையில் தேதி முத்திரைகள் இருந்தன. நான்கு வருடத்தில் ஏழு முறை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். ஏழுக்கும் ஒரே உறுப்பினர் எண். உறுப்பினர் ரிஜிஸ்டரைக் கேட்டாள். அவர் அதை முழங்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“நீ எந்த எஸ்டேட்டு ஆளு?”

“நான் படிக்கிற பொண்ணுண்ணே.”

“போன வருசமும் ஒருத்தன் படிக்கிறேன்னுதான் வந்தான். பழைய ஆளுக பேரு, ஊருன்னு கேட்டான். பெறகு பாத்தா எஸ்டேட்டு வக்கீலு அனுப்புன ஆளு.”

அவள் போகவில்லை. நான்கு நாள் அதே மேசையில் உட்கார்ந்து குறிப்பு அட்டைகள் எழுதினாள். எந்த ஆய்வேடு எதிலிருந்து எடுத்தது, யார் மூலத்தைப் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. இடையிடையே ஈஸ்வரன் எழுதும் சீட்டுகளையும் நோட்டமிட்டாள். பென்சில் எழுத்து அவருடையது இல்லை. தோட்டத்து ஆளே குழப்பிவிட எழுதியிருப்பானோ என்றும் தோன்றியது.

ஐந்தாம் நாள் ஈஸ்வரன் அவள் பின்னால் வந்து நின்று அட்டைகளைப் படித்தார். அறிக்கைக்கான அட்டையில், ‘பார்த்தேன். நம்பலாமா, தெரியாது’ என்று எழுதியிருந்தாள்.

“பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏலக்காய்க் கிட்டங்கியில காய் தரம் பிரிக்கிறவுகள்ல ராக்குன்னு கேளு,” என்றார். “புத்தகத்துல எழுதுனதுக்கு அவமேல புகாரு போட்டுறாத.”

ராக்குவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். சல்லடையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“யாரு உன்னைய அனுப்புனது?”

“யாரும் அனுப்பலக்கா.”

“அந்தப் போனைப் பையில போடு. பையத் தள்ளி வையி.”

வைத்துவிட்டு ஏழாம் அட்டவணையைப் பற்றிக் கேட்டாள். பிறகுதான் ராக்கு பேசினாள்.

“கணக்கெடுக்க ஆளு வர்றாகன்னு கங்காணி மொத நாளே சொல்லிட்டான். சின்னதுகளையெல்லாம் காய் காய வைக்கிற ஸ்டோருக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துனாக. வெக்கை தாங்கல. இருமக் கூடாதுன்னு வாயில துணியக் குடுத்தாக. எனக்குப் பதினோரு வயசு. எங்கம்மா எம் பேரையே சொல்லல. அந்தப் பூஜ்யத்துக்குள்ளதான் ஆத்தா நான் இருந்தேன்.”

முத்துப்பிரியாவுக்கு நம்பத் தோன்றியது. தோன்றிய உடனே பயமும் வந்தது. இத்தனை வருடம் கழித்து ஒருவர் சொல்வதை அப்படியே எழுதினால், அந்த மூன்று பேருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

“உங்களோட ஒளிஞ்சிருந்த வேற யாராச்சும்…”

ராக்குவின் முகம் இறுகியது. “சாட்சியா? அன்னைக்கு வந்தவுக எங்காளுக சொன்ன பொய்ய அப்படியே எழுதிட்டுப் போனாக. அவுககிட்ட யாரும் சாட்சி கேக்கல. நெசத்தச் சொல்ற எங்கிட்ட கேக்குற. போ, எனக்குச் சோலி கெடக்கு.”

வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் ராசிங்காபுரத்துக்கு பஸ் ஏறினாள். மலைத்தோட்டத்துக்குப் போகும்முன் ராக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்ததாக ஈஸ்வரன் சொல்லியிருந்தார். பள்ளியில் அனுமதி வாங்கிப் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினாள். 1988 செப்டம்பர். மலையில் காய் எடுப்பு மும்முரமாகும் நேரம். ‘ராக்கு, தொடர்ந்து வரவில்லை, பெயர் நீக்கம்.’ அவளுக்கு மேலும் கீழுமாக அதே மாதத்தில் அடிக்கப்பட்ட பெயர்கள் இன்னும் எட்டு. எல்லாம் பெண் பிள்ளைகள்.

அத்தியாயத்தைத் திருப்பி எழுத இரண்டு வாரம் ஆனது. அச்செடுத்த இரண்டு பக்கத்துடன் கிட்டங்கிக்குப் போனபோது பெண்கள் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ராக்கு முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“ஒம்பதுன்னு போட்டிருக்க.”

“ரிஜிஸ்டர்ல ஒம்பதுதான்க்கா.”

“அங்க போய்ப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்னைய நம்பாமத்தான போன?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாக்கா.”

ராக்கு தாளிலிருந்து விரலை எடுத்தாள். மற்ற பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

“நானும் உன்னைய நம்பாமத்தான் ஒண்ணச் சொல்லாம விட்டேன். ஸ்டோருக்குள்ள எம்மடியில என் தங்கச்சி கற்பகம் இருந்தா. எட்டு வயசு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவ. அவள எந்த ரிஜிஸ்டர்ல தேடுவ?”

முத்துப்பிரியா பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து ‘கற்பகம்’ என்று எழுதினாள்.

“இன்னும் மலை மேலதான் இருக்கா, நாங்க இருந்த அதே லயத்து வீட்டுல. நான் சொன்னேன்னு சொல்லு, இல்லேன்னா வாயத் தொறக்க மாட்டா. காலையில வெரசா போனாத்தான் ஜீப்பு கெடைக்கும்.”

பக்கங்களைத் திருப்பி வாங்க முத்துப்பிரியா கையை நீட்டினாள். ராக்கு கொடுக்கவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.