புரட்டாசியில் பால்கட்டி

கல்மண்டபத்தில் ரோட்டோரமாக நானும் என் பெண்சாதி கெங்கம்மாவும் மீன் வறுவல் வண்டி போட்டிருக்கிறோம். அந்த வரிசையில் எவனுக்கும் பட்டா கிடையாது. சாயங்காலம் எவன் அடுப்பு எரிகிறதோ அவனுக்கு இடம். ஒருநாள் எரியவில்லை என்றால் வேறு எவனும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். பக்கத்து வண்டியில் விற்பதை நாம் விற்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

புரட்டாசி வந்தால் மீன் போணியாகாது. தின்கிற பாய்மாரும் வேதக்காரர்களும் அவரவர் தெருவிலேயே வாங்கிக்கொள்வார்கள். முன்பெல்லாம் வரிசை முழுக்க மீன் வண்டிதான். எல்லாரும் சேர்ந்து மூடுவோம், எவன் இடத்தையும் எவனும் பார்க்க மாட்டான். இந்த வருஷம் பக்கத்தில் பஜ்ஜி போட அப்பாவு வந்து சேர்ந்தான். மச்சான் பெயரில் இன்னொரு வண்டியும் வாங்கி எதிர்ச் சுவரோரம் நிறுத்தியிருந்தான். இன்னாத்துக்கு என்று கேட்டால், “சும்மா கீது பெருசு” என்பான். சும்மா இருக்கிற வண்டிக்கு எவனாவது டயரில் காற்று அடிப்பானா?

கெங்கம்மா அழவில்லை. மாதவரத்தில் பால் வியாபாரம் செய்கிற ஹபீபுல்லாவிடம் போய் நின்றாள். அவன் ஒரு தூக்கு நிறைய வெள்ளைக் கட்டிகளைக் கொடுத்து அனுப்பினான். கூடவே என்னை நம்பவைக்க அவனும் வந்தான்.

“பால்கட்டி, மாமு. பாலைத் திரிச்சு, தண்ணிய வடிச்சு, அழுத்தி ஒடைக்கிறது. எங்க ஏரியாவுல காலையில போட்டா மத்தியானம் தூக்கு காலி.”

கல்யாண வீட்டில் குழம்பில் மிதக்கிற பன்னீரை நான் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. சுண்டுவிரல் மாதிரி கோணல் கோணலாக இருந்தது. எதைப் போட்டுத் திரித்தாய் என்று கேட்டேன். மாட்டுக் குடலில் எடுக்கிறது இல்லை, சைவ மருந்துதான் என்றான். நம்பவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல்லுக்கடியில் கீச்சென்று கத்தியது, ஈரத் தரையில் புதுச் செருப்பு கத்துகிற மாதிரி.

“ரப்பர் இது” என்றேன். “ஹார்பர்ல ரப்பர் மூட்டை தூக்குனவன் நானு. எனக்குத் தெரியும்.”

“ரப்பரை எவன்யா உப்பு போட்டு விப்பான்?” என்றாள் கெங்கம்மா. “கத்துனாத்தான் இன்னிக்குப் போட்டது. நாளைக்குக் கத்தாது. அப்ப வறுத்துட வேண்டியதுதான்.”

புரட்டாசி முதல் நாள் அவள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். மீன் சட்டியைப் பரண் மேல் போட்டுவிட்டுப் புதுச் சட்டி வாங்கினாள். புது எண்ணெய், புதுக் கரண்டி. வண்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். முன்னால் பெருமாள் படம் ஒட்டினாள். மீன் வாடைக்கே வருகிற பூனை அன்றைக்கு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கே சந்தேகம் வரவில்லை.

பால்கட்டியை மாவில் முக்கி, மசாலாவில் புரட்டி, எண்ணெயில் விட்டாள். வெளியே மொறுமொறு, உள்ளே இழுத்தால் நூல் மாதிரி வந்தது. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் நின்றார்கள். தெரு பெருக்குகிற அன்புக்கரசி இரண்டு தட்டு தின்றாள். நெற்றியில் பட்டையாக நாமம் போட்டிருந்த ஆட்டோக்கார வேம்பு மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டினான்.

“சூப்பரா கீது ஆயா. கண்ணை மூடிகினா மீன்தான்.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன். மீன்தான். மீன் மாதிரி இல்லை, எங்கள் வண்டி மீனேதான்.

கெங்கம்மா காதருகே போனேன். “மே, மசாலா எந்த டப்பா?”

“நம்ம டப்பாதான்.”

“அதுல சென்னாக்குனி அரைச்சுப் போட்டுக்கீற இல்ல?”

கரண்டி நின்றது. பொடி இறால் கருவாட்டை வறுத்து மசாலாவோடு அரைப்பது அவள் கைப்பக்குவம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் மாற்றியவள் அந்த டப்பாவை மட்டும் மாற்றவில்லை.

“வாயை மூடிகினு நில்லு. சொன்னா வண்டிய ஒடைப்பானுங்க. அப்பாவு பாத்துகினே கீறான்.”

அவள் சொன்னது நியாயம். கடையில் விற்கிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை. விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று டீக்கடையில் நாள் முழுக்கச் சொல்கிறவன். அந்தச் சனியன் நினைப்பு வந்து தொலைத்தது.

“அல்லாரும் கேளுங்க” என்றேன். “மசாலாவுல எறாக் கருவாடு கீது. தெரியாம போட்டுட்டா. விரதக்காரங்க துன்னாதீங்க.”

தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். வேம்புவின் கன்னம் உப்பியிருந்தது.

“வாய்ல கீது பெருசு” என்றான். “துப்பட்டுமா, முழுங்கட்டுமா?”

“அது உன் இஸ்டம்.”

யோசித்தான். முழுங்கினான். “வாய்க்குள்ள போனப்ப எனக்குத் தெரியாது. பெருமாள் கேட்டா உன் பேரைச் சொல்லிர்றேன்.”

இரண்டு பேர் துப்பினார்கள். ஒருவன் தட்டை என் காலடியில் எறிந்தான். அப்பாவு நடுவில் வந்து நின்றான். “விரதக்காரனுக்கு எறா போடுவியா? அணை அடுப்ப. மொதல்ல அணை.”

எதற்காக அவசரப்படுகிறான் என்று கெங்கம்மாவுக்கும் தெரியும். சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். அடுப்பை அணைக்கவில்லை. ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் ஏற்றினாள். அன்று காலையில் வந்து தூக்கில் மிச்சமிருந்த பச்சைப் பால்கட்டியைத் தட்டில் கொட்டி, மேலே உப்பும் மிளகும் தூவினாள்.

“இதுல பாலைத் தவிர ஒண்ணும் இல்ல. துன்னவங்க அல்லாரும் எடுங்க. வாயைக் கழுவுனாப்ல இருக்கும்.”

யாரும் நகரவில்லை. அன்புக்கரசி முதலில் எடுத்தாள். அமைதியாக இருந்ததால் அவள் பல்லுக்குள் கீச்சென்றது எல்லாருக்கும் கேட்டது. “ஐய, கத்துது” என்றாள். இன்னொருத்தன் அதைக் கேட்கவே ஒன்றை எடுத்தான். பிறகு தட்டைச் சுற்றி ஆளுக்கு ஒரு கீச்.

“வெறும் தண்ணிய கொதிக்க வெச்சுக்கீறா. இது கடையா?” என்றான் அப்பாவு. “இடம் போச்சு. மச்சான், வண்டிய இஸ்துகினு வா.”

வேம்பு குனிந்து அடுப்பைப் பார்த்தான். “எரியுதே.”

“தண்ணி நைனா அது.”

“இன்னா வேவுதுன்னு சட்டத்துல கீதா? எரியுது. அவ்ளோதான்.” வரிசையில் போணியில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மற்ற மீன்காரர்களும் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு அடுத்த புரட்டாசி ஞாபகம் வந்திருக்கும். அப்பாவுவின் மச்சான் பாதி ரோட்டில் வண்டியோடு நின்று, லாரிக்காரனிடம் திட்டு வாங்கி, திரும்பிப் போனான்.

மறுநாள் மறுபடியும் புதுச் சட்டி, புது எண்ணெய். மசாலாவுக்குப் புது மிளகாய், மிளகு, பூண்டு, சோம்பு. நானே பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அம்மியில் வைப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். “போலீசு வேலை உனக்கு” என்று திட்டினாள்.

சாயங்காலம் வேம்பு வந்தான். வறுத்தது ஒன்றைத் தின்றான். ரொம்ப நேரம் மென்றான்.

“நல்லாத்தான் கீது” என்றான். “ஆனா நேத்து மாதிரி இல்ல.”

“ஐப்பசி ஒண்ணாந்தேதி வா” என்றாள் கெங்கம்மா.