சாம்பிராணிச் சட்டியும் கருப்பு டேப்பும்

வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகை முடிந்த நேரம். வண்ணார்பேட்டை வீட்டில் இஷ்ரத் கேக் மாவைக் கலக்கிவிட்டு, கேஸ் ஓவனின் கதவைத் திறந்தாள். அழுகின வெங்காய வாடை முகத்தில் அடித்தது. இன்னும் பற்றவைக்கவே இல்லை.

சமையல் கேஸுக்கென்று சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். சேர்த்து என்ன பயன்? நாற்றம் எதுவானாலும் அவள் மாமியார் மைதீன் பாத்திமாவுக்குச் சாம்பிராணிதான் மருந்து.

ஓவன் திருகையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அடைத்துவிட்டு இஷ்ரத் நிமிர்ந்தாள். கனல் நிறைந்த சட்டியோடு மாமி கூடத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

"மாமி, அங்கனயே நில்லுங்க!"

"எலி எதும் செத்துக் கெடக்கா? புகை காட்டுனா வாடை போயிரும்."

"எலி இல்ல, கேஸு! சட்டியோட வெளிய போங்க!"

"வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வெளிய கொண்டுபோகச் சொல்லுதா பாரு. எங்க மாமிகிட்ட நான் இப்படிப் பேசிருப்பேனா?"

அலமாரியில் சாய்த்து வைத்திருந்த போனில், வீடியோ அழைப்பில் இருந்த கணவன் நாசர் துபாயிலிருந்து குறுக்கிட்டான். "ஏளா, மொதல்ல ஃபேனைப் போடு."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மச்சான்!"

சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி பறக்கும். கேஸ் பற்றிக்கொள்ள அது போதும். கேஸோ காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து வரும். மாமியின் சட்டி தொங்கியது முழங்கால் உயரத்தில்.

இஷ்ரத் பின்கதவை அகலத் திறந்தாள். போனை எடுத்துக்கொண்டு, மாமியைத் தோளைப் பிடித்துத் திருப்பி, தெருமுனை வரை நடத்திப் போனாள். அங்கே நின்றுதான் கேஸ் மெக்கானிக் மெர்வினை அழைத்தாள்.

மெர்வின் வாடை முழுக்க அடங்கும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து, ரப்பர் குழாய் நெடுகச் சோப்பு நுரையைத் தடவினார். ஓவனுக்குப் பின்னால், கருப்பு டேப் சுற்றிய இடத்தில் குமிழிகள் பொங்கின. உடனே அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினார்.

"ஓவன் சூடு பட்டு வெடிச்சிருக்கு. இதுக்கு யாரும்மா டேப்பு சுத்துனது?"

போன பெருநாள் விடுமுறையில் வந்த நாசர்தான். புதுக்குழாய் மாற்றச் சொன்னபோது, 'அடுத்த தடவை பாத்துக்கிடலாம்' என்றவன்.

இஷ்ரத் வாசலில் நின்று அவனை அழைத்துக் குழாயைக் காட்டினாள். "ஃபேனைப் போடச் சொன்னியளே மச்சான், இந்தா பாருங்க உங்க டேப்பு!"

அணைந்த சட்டியோடு மாமி எட்டிப் பார்த்தார்.

"ஏலே நாசரு, இன்னைக்குச் சாம்பிராணியைக் கெடுத்தது நீதானாலே?"

"மாமி, வீடே போயிருக்கும்!"

"அதுவுந்தான்" என்றார் மாமி.