இருபத்திரண்டாயிரம் ஸ்டெப்பு

காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது எண்ணெய் தேய்க்கிற கடற்கரை அண்ணாச்சிக்குத் தெரியாது. குனிந்து உட்கார்ந்து பிடரியைக் காட்டிக்கொண்டிருந்த சிவகாசிக்காரர்தான் அதைப் பார்த்துச் சொன்னார். கடற்கரை தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தார். வலது பெருவிரலுக்கு அடியில் நகத்தளவு கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. காலையில் வந்ததிலிருந்து அதை மிதித்துக்கொண்டுதான் ஏழு பேருக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார். பிடுங்கி எறிந்தபோதும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். வலிக்காததால் அன்றைக்கு முழுவதும் அவருக்கு வேலையே ஓடவில்லை.

குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் இருபத்தாறு வருஷமாக எண்ணெய் தேய்க்கிறவர் அவர். வயது ஐம்பது. வீடு தென்காசியில். மதுரைக்காரர், கொல்லத்துக்காரர், எந்த ஊர்க்காரர் முதுகானாலும் கை வைத்த மாத்திரத்தில் எங்கே பிடித்திருக்கிறது, எத்தனை நாளாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்ப்பார். பார்க்கிறதுக்குத்தான் விரல் இருக்கிறதே, கண் எதற்கு என்பார். அந்த விரல்களைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

மறுநாள் தென்காசியில் டாக்டர் ராபியா ஒரு நைலான் இழையால் அவர் பாதத்தைப் பத்து இடங்களில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். ஏழு இடத்தில் தெரியவில்லை. ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி ஒன்பது புள்ளி ஆறு என்று வந்தது.

“அண்ணாச்சி, சுகரு நரம்பத் தின்னுக்கிட்டு வருது. முதல்ல காலப் பிடிச்சிருக்கு. இப்படியே விட்டா அடுத்து வெரலுக்கு வரும்” என்றார் டாக்டர்.

கடற்கரை தன் கைகள் இரண்டையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரல் மரத்துப்போனால் அவர் யார்? எண்ணெய் பூசிவிடுகிற ஆள். அதை யாரும் செய்யலாம். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, வெறுங்காலோடு நிற்கக் கூடாது, தினமும் எட்டாயிரம் ஸ்டெப்பு நடை, செப்டம்பரில் மறுபடி ரத்தப் பரிசோதனை, அதிலும் குறையாவிட்டால் இன்சுலின் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். வேலை வேறு, நடை வேறு என்றும் கடைசியாகச் சொன்னார். மற்றதெல்லாம் கேட்ட காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எப்படியோ விழவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் அபர்ணா விஷயம் கேள்விப்பட்ட வாரமே ஊருக்கு வந்து, கறுப்புப் பட்டை ஒன்றை அப்பாவின் வலது மணிக்கட்டில் மாட்டினாள். இடது கையில்தான் கட்ட வேண்டுமாம். அங்கே பண்பொழி மலைக்கோயில் கயிறு இருந்தது, அதை அவர் கழற்றச் சம்மதிக்கவில்லை. நடக்கிற ஸ்டெப்பு எல்லாம் அப்பா போனுக்கும் தன் போனுக்கும் வந்துவிடும், ஏமாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். செப்டம்பருக்குள் இறக்கிக் காட்டுகிறேன் என்று கடற்கரை மகளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

முதல் நாள் சாயங்காலம் பட்டையைப் பார்த்தால் பத்தொன்பதாயிரத்து நானூறு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. டாக்டர் கேட்டது வெறும் எட்டாயிரம்! அபர்ணாவின் போனிலிருந்து கைதட்டுகிற படங்களாக வந்து விழுந்தன. பக்கத்துக் கல்லில் ஆளை உட்காரவைத்துத் தேய்க்கிற மாரிச்செல்வம், அண்ணாச்சி ஒரு நாளைக்குத் தென்காசியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பாதி தூரம் நடந்துவிடுகிறார் என்று ஊரெல்லாம் பரப்பினான். கடற்கரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மணிக்கட்டைக் காட்டினார்.

வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இது செரிக்கவில்லை. அவர் மனைவி இசக்கிசெல்வி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள்.

“தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போவச் சொன்னா வண்டிய எடுக்க மனுசன். குத்தாலத்துக்குப் போக ஆட்டோ, வர ஆட்டோ. எங்கன வச்சு இருவதாயிரம் நடந்தீய?”

“ஏட்டி, மெசினு பொய் சொல்லுமா?” என்றார் கடற்கரை.

அவருக்கு உள்ளுக்குள் தெரியாமலா இருந்தது? நாலாவது நாளே, ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பட்டையில் எண் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, உடம்பு வேர்க்கிறது அல்லவா, இதுவும் ஒரு நடைதான் என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். இனிக்கிற பொய்யை யார் துப்புவார்? கலோரி எத்தனை எரிந்தது என்றும் பட்டை காட்டியது. ஆயிரத்து முந்நூறு கலோரிக்கு நாலு பரோட்டா தாராளமாகத் தாங்கும் என்று மாரிச்செல்வம் சொன்னான். நிறுத்தியிருந்த பரோட்டா திரும்பி வந்தது. டீயில் சீனியும் வந்து சேர்ந்துகொண்டது.

ஜூலைக் கடைசியில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடற்கரை ரத்தம் பார்த்த இயந்திரத்தைக் குறை சொன்னார். டாக்டர் ராபியா அவர் போனை வாங்கி அந்த எண்களைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு நடந்தும் ஏறுகிறது என்றால் மாத்திரை கேட்கவில்லை, செப்டம்பர் வரைக்கும் பார்ப்போம், பிறகு ஊசிதான் என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஆடிக்காற்று அம்மியைத் தூக்குகிற மாதிரி அடித்த ஒரு வாரத்தில், மலையில் பெருமழை பெய்து அருவியடிப் பாதுகாப்பு வளைவையும் மூடிக்கொண்டு வெள்ளம் விழுந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். குளிக்க ஆள் இல்லாத ஊரில் எண்ணெய்க்கு என்ன வேலை? கடற்கரை வழக்கம்போல ஆட்டோவில் வந்தார், கல்லில் உட்கார்ந்தார், வழக்கம்போலப் பேசினார், டீ குடித்தார், சாயங்காலம் ஆட்டோவில் திரும்பினார். பட்டையில் ஆயிரத்து நூற்று நாற்பது என்று இருந்தது. எண்ணெய் இறங்கிக் கெட்டுவிட்டது என்று சோப்புப் போட்டுக் கழுவினார். மறுநாள் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

மூன்றாம் நாளும் தடை. பொழுது போகாமல் மாரிச்செல்வம், கழுத்துப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் அண்ணாச்சி என்று வந்து உட்கார்ந்தான். கால் மணி நேரம் தேய்த்திருப்பார். எண் முந்நூறிலிருந்து ஆயிரத்து எழுநூறுக்குப் போயிருந்தது. நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண் நகரவில்லை. முதலில் மாரிச்செல்வம்தான் சிரித்தான். பிறகு டீக்கடைக்காரர் சிரித்தார். அப்புறம் அந்த வரிசையே சிரித்தது.

கடற்கரைக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நாற்பது நாள் போய்விட்டது, நாற்பது நாளும் தின்றாகிவிட்டது. இரண்டு கை விரல்களையும் பக்கத்துக் கல்லில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வலது சுண்டுவிரல் நுனி கொஞ்சம் மந்தமாக இருப்பது மாதிரி தோன்றியது. நிஜமாகவே மந்தமா, பயத்தில் தோன்றுவதா என்று அவருக்கே தெரியவில்லை. எந்த ஊர்க்காரன் முதுகையும் சொல்லிவிடுகிற விரலைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. சாரலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே தென்காசியில் ஒரு ஜோடி ஷூ வாங்கினார். ஐம்பது வயதில் முதல் ஷூ. மறுநாள் விடியும்போது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷூவோடு தெருவில் இறங்கினார். கைலிக்குக் கீழே ஷூவைப் பார்த்து இசக்கிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தண்ணீர் பாட்டிலை அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள். மேலகரம் வழியாகக் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது ஏழாயிரத்து இருநூறு. தொடையெல்லாம் கடுத்தது. கல்லுக்குப் போனதும் பட்டையைக் கழற்றி எண்ணெய்ப் பாட்டிலின் கழுத்தில் மாட்டினார். இனி வேலை நேரத்தில் அது கையில் ஏறாது என்று மாரிச்செல்வத்திடம் சொன்னார். கஷ்டப்பட்டுத் தேய்த்துச் சேர்ந்த ஸ்டெப்பை இப்படி வீணாக்கலாமா என்று அவன் கிண்டல் செய்தான். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்.

பரோட்டா போயிற்று, சீனி போயிற்று. தினமும் எட்டாயிரம் ஆனது. கோயம்புத்தூரிலிருந்து அபர்ணா பதறிப்போய்க் கூப்பிட்டாள், இருபதாயிரம் எப்படி எட்டாயிரமானது, உடம்புக்கு என்ன என்றாள். கூட்டம் குறைவு என்று ஏதோ சொல்லி மழுப்பினார். மகளிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு நாள் காலையில் மழை வெளுத்து வாங்கியதால் ஆட்டோவில் வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் கூட்டமும் அதிகம். பதினாலு பேருக்குத் தேய்த்து முடித்துச் சாயங்காலம் பட்டையைக் கட்டினால் அறுநூற்றுப் பத்து என்று காட்டியது. மழை விட்டபாடில்லை. சிப்ஸ் கடைச் சார்ப்புக்குக் கீழே நின்றார். வழக்கமாக வருகிற ஆட்டோக்காரர் ஒலி எழுப்பிக் கூப்பிட்டார். வலது கை, முதுகு தேய்க்கப் போகிற மாதிரி, தானாக இடுப்புக்கு மேலே எழுந்தது. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்று கையை ஆட்டினால் போதும். எப்படி ஆட்ட வேண்டும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் இல்லை. அபர்ணாவும் கைதட்டுவாள்.

யாரை ஏமாத்துதேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கையை இறக்கி, பட்டையைக் கழற்றி, கைலியை மடித்துக் கட்டி, வலது கணுக்காலில் காலுறைக்கு மேலே அதை இறுக்கிக் கட்டினார். ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். மேலகரத்தில் இடி இடித்தது. தென்காசி கோபுரம் தெரிந்தபோது உடம்பில் நனையாத இடம் இல்லை. வீட்டு வாசலில் ஏழாயிரத்து எண்ணூறு என்று காட்டியது. மீதியைத் தெருவில் நடந்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். இசக்கிசெல்வி துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

செப்டம்பர் நடுவில் ரத்தம் கொடுத்தார். டாக்டர் ராபியா காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே கடற்கரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கல்லில் நின்றபடியே இருபத்திரண்டாயிரம் வந்ததை, பரோட்டாவை, சீனியை, எதையும் விடவில்லை. டாக்டருக்குக் கோபம் வந்தது. உங்கள் ஸ்டெப்புக் கணக்கை நம்பி ஊசி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பிறகு காகிதத்தைப் பிரித்தார். எட்டு புள்ளி மூன்று.

“இன்னும் இறங்கணும். ஆனா ஊசி இப்ப வேண்டாம்” என்றார் டாக்டர்.

நைலான் இழையை எடுத்து முதலில் பாதத்தைத் தொட்டார். ஏழு இடத்தில் இப்போதும் தெரியவில்லை. போன உணர்ச்சி திரும்பி வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இனி ஷூ இல்லாமல் கல்லில் நிற்காதீர்கள் என்றார். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல்களுக்கு வந்தார். கடற்கரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடைசியாக வலது சுண்டுவிரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி ஒன்று பட்டது. தெரியுது டாக்டரம்மா, தெரியுது என்று இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்து குற்றாலத்துக்கு நடக்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வந்திருக்கும். கொஞ்ச தூரம் போவதற்குள் அபர்ணா கூப்பிட்டாள். இறங்கிய செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டவள், சட்டென்று ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, இருபத்திரண்டாயிரம் நடந்தப்ப ஏறுன சுகரு, எட்டாயிரத்துல எப்பிடிப்பா இறங்குச்சு?”

கூட்டம், சீசன் என்று இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடற்கரை அதை விழுங்கினார்.

“அது கை நடந்தது, மக்கா. இதுதான் நான் நடந்தது.”

அபர்ணா அதை ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு, நாளைக்கும் நடப்பீர்களா அப்பா என்று மெதுவாகக் கேட்டாள். கடற்கரை அப்போது மேலகரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.