தூன்யாவின் விரதம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். தெசாங்கா படையைவிட ஒரு படி மேல். தோட்டத்தில் மண்புழு நெளிந்தாலே மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறவள். முப்பது வருஷம் பாலர் பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள். அவள் ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில் மலைப்பாம்பு ஒன்றைத் தலையணை உறையில் கட்டி, சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்றால் ஸ்ரென்யானின் என்கிற அந்த ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அது அவள் மகன் நெபோய்ஷாவின் பாம்பு. பெயர் தூன்யா; குளிர்காலத்துக்கு அலமாரி மேல் அடுக்கி வைப்போமே, வாசனையான மஞ்சள் பழம், அதன் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பரில், வீட்டின் ஸ்லாவா நாள். குடும்பத்தைக் காக்கும் புனித நிகோலாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, பாதிரியார் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து தப்பிய தூன்யா மேசைக்கடியில் போய் அவர் பூட்ஸ்மேல் ஏறிவிட்டது. பாதிரியார் அலறவில்லை. தெசாங்காதான் அலறினாள். விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும் மகனைப் பார்த்து, "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று கத்திவிட்டாள்.

நெபோய்ஷா தட்டில் வைத்த மீன் வைத்தபடி இருக்க எழுந்து போனான். பாம்பை நண்பன் ஸ்ரெச்கோவிடம் ஒப்படைத்துவிட்டு மறுவாரமே ஸ்லொவேனியாவுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போய்விட்டான். அதன் பிறகு அவனிடமிருந்து போனும் இல்லை, கடிதாசும் இல்லை. இவள் அடித்தாலும் எடுக்க மாட்டான். அந்த வருஷ ஸ்லாவா அப்படிப் போயிற்று, அடுத்த வருஷத்து ஸ்லாவாவும் அவன் இல்லாமலே போயிற்று.

இந்த நிலையில்தான் ஸ்ரெச்கோ போன் செய்தான்.

"தெசா அத்தை, நெபோய்ஷாகிட்ட சொல்ல எனக்கு முகம் இல்ல. கேக்கறப்பல்லாம் 'நல்லாருக்கு'ன்னே சொல்லிட்டேன். எங்களுக்குக் குழந்தை பொறந்ததும் அதை கராஜுக்கு மாத்தினேன். அப்புறம்... மறந்தே போச்சு. இப்ப சாகற மாதிரி கெடக்கு. நீங்க வேணாம்னா ஆத்துலதான் போடணும்."

"ஆத்துல போட அது என்னடா உங்க வீட்டுக் குப்பையா?" என்று தெசாங்கா சீறினாள். சீறியது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மகன் அந்த ஊரில் விட்டுப்போன உயிர் என்று வேறு எதுவும் இல்லை. அதனால்தான் போனாள். ஆனால் போய்ப் பார்த்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இது தன் கையில் செத்துப்போனால் நெபோய்ஷா என்ன நினைப்பான்? அம்மாதான் கொன்றாள் என்று நினைப்பான். சாகிற வரைக்கும் அப்படித்தான் நினைப்பான். ஆகவே அவனுக்கு எதுவும் தெரியக்கூடாது, பாம்பும் பிழைத்தே ஆக வேண்டும்.

பிழைக்கிற லட்சணத்தில் அது இல்லை. முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்திக்கொண்டு நின்றது. உரியாத பழைய தோல் மூன்று அடுக்காக உடம்பிலேயே காய்ந்திருந்தது. கண்மேலும் அதே தோல் படிந்து, இரண்டு கண்ணும் பால் கண்ணாடி. செதில் இடுக்கெல்லாம் உண்ணி. மூச்சு விட்டால் விசில் சத்தம், வாயோரம் நுரை. கால்நடை மருத்துவர் இல்திகோ தராசில் போட்டுப் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"நிமோனியா அக்கா. மூணு நாளுக்கு ஒரு ஊசி, நீங்க இங்க கொண்டு வரணும். தினம் வெதுவெதுன்னு தண்ணியில அரை மணி நேரம் உக்கார வைங்க. பெட்டி ஒரு பக்கம் நல்லா சூடா இருக்கணும், அடியில வெறும் பேப்பர். தோலை மட்டும் பிடுங்காதீங்க, கண்ணு போயிடும்."

"சாப்பாடு?"

"கிடையாது."

"கிடையாதுன்னா?"

"கிடையாதுன்னா கிடையாது. நான் சொல்ற வரைக்கும் தண்ணி மட்டும். அந்த வயித்துல இப்ப எதைப் போட்டாலும் அழுகிடும்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது ஊர் வழக்கு. இங்கே விருந்தாளிக்கே மருந்து, அதுவும் வாரக்கணக்கில். தெசாங்கா நெபோய்ஷாவின் அறையைத் திறந்து, பெட்டியைத் துடைத்து, விளக்கு மாட்டினாள். குளிப்பாட்ட முதலில் ரப்பர் கையுறை போட்டாள். நான்காம் நாள் கையுறை எங்கோ போயிற்று. கையில் எடுத்தால் பாம்பு வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை, பழைய பர்ஸ்போல உலர்ந்து கிடந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை அதை வெந்நீர்ப் பையோடு கூடையில் வைத்து, ஊசி போட சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டு ரதோய்கா கிண்ணத்தில் பாலோடு வந்துவிட்டாள்.

"வீட்டுப் பாம்பு, தெசா. பால் வைக்கணும். எங்க பாட்டன் வாசப்படிக்கடியில ஒண்ணு இருந்துச்சு. அதை யாரோ அடிச்சாங்க, அந்த வருஷமே பாட்டன் போய்ச் சேர்ந்தாரு."

"உங்க பாட்டன் போனது சாராயத்துல. பாலை நீயே குடி, எலும்புக்கு நல்லது."

பாலைத் தடுத்தவள் தன் கையைத் தடுத்துக்கொண்டாளா? அதுதான் இல்லை. நோயாளி வீட்டில் கிடக்கும்போது அடுப்பில் கோழி சூப் கொதிக்காமல் இருப்பது இந்த ஊரில் பாவத்தில் சேர்த்தி. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வாயில் "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று திணித்த கை அது. ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சூப்பை வடிகட்டி, அதில் ஈரலை மசித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் தூன்யாவின் வாயில் விட்டாள். கொஞ்சம் உள்ளே போனதும் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது, பெருமையில்.

சாயங்காலமே எல்லாம் வெளியே வந்தது. வந்ததில் பாதி மூச்சுக்குழலில் இறங்கியது. பாம்பு தலையை நேரே மேலே தூக்கி, வாயைப் பிளந்து, காற்றுக்குத் தவித்தது. அதற்குக் கத்தத் தெரியாது. அதுதான் தெசாங்காவால் தாங்க முடியாமல் போயிற்று.

இல்திகோ குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே திட்டினார்.

"சூப்பா? பாம்புக்கா? அக்கா, நான் ஹங்கேரியக்காரி, எங்க வீட்லயும் சூப்தான் கடவுள். ஆனா இது பாம்பு! இனி நான் சொல்லும்போது ஒரு சின்ன எலி. வெச்சுட்டு நகர்ந்துடணும். ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, நின்னு பாக்கக் கூடாது. யாராவது பாத்துட்டே நின்னா அது வாயே திறக்காது."

"பக்கத்துல ஆள் இல்லாம எப்படி டாக்டர் சாப்பிடும்?"

"ஆள் இல்லாததாலதான் சாப்பிடும்."

அன்று வீடு திரும்பும் வழியில் தெசாங்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். நெபோய்ஷா சின்ன வயதில் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். மூக்கைப் பிடித்தால் திறப்பான். அப்படித்தான் வளர்த்தாள். அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் ஊசியிலேயே கழிந்தது. நவம்பரில் விசில் சத்தம் நின்றது. உண்ணி ஒழிந்தது. டிசம்பர் முதல் வாரம், ஈரத் துணிக்குள் வைத்திருந்த தூன்யா தோலை மூக்கிலிருந்து வால்வரை ஒரே உரிப்பில் கழற்றிப் போட்டது, கண்ணை மூடியிருந்த செதில் உட்பட. கறுத்த, தெளிந்த இரண்டு கண்கள் தெசாங்காவைப் பார்த்தன. அவள் அந்தத் தோலைச் சட்டைபோல மடித்து மகனின் இழுப்பறையில் வைத்தாள்.

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு முறை, டாக்டர் தந்த உறைந்த எலியைச் சூடாக்கி வைத்து, பெட்டியில் பாதியைத் துணியால் மூடி, நகர்ந்தாள். இரண்டு முறையும் விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது.

"இனிமே இது தானா சாப்பிட்டாத்தான் பிழைச்சுதுன்னு அர்த்தம். உடம்புல சேமிப்பு ஒண்ணும் இல்ல," என்றார் இல்திகோ.

"கிறிஸ்துமஸ் விரதத்தை நம்மளைவிட ஒழுங்கா பிடிக்குது பார்," என்றாள் ரதோய்கா. "நீ நேத்து முட்டை சாப்பிட்டதை நான் பாத்தேன்."

மூன்றாவது தடவை வைக்க வேண்டிய நாள் டிசம்பர் பத்தொன்பது. ஸ்லாவா நாள். விரதக் காலத்து ஸ்லாவா. மேசையில் மீன் உண்டு, இறைச்சி வீட்டுக்குள்ளேயே கூடாது. தெசாங்கா புனித நிகோலாவின் படத்துக்கு முன்னால் நின்று, "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க," என்று சொல்லிவிட்டு எலியை எடுத்துக்கொண்டு மகனின் அறைக்குப் போனாள். வைத்தாள், நகர்ந்தாள், கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்தாள்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அதுதான் முறை. வாசல் திறந்திருக்கும், தெரிந்தவர்கள் வருவார்கள். அதனால் மகனை வா என்று சொல்ல அவளுக்கு வழியில்லை; வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்கவும் வழியில்லை. பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி, மேசைக்கடியில் ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஹாலில் ரதோய்காவின் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. தெசாங்கா ஒரு தட்டுப் பரிமாறி அடுத்த தட்டு எடுப்பதற்குள் அறைப் பக்கம் வந்தாள். வரக்கூடாதுதான். வந்தாள், இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

தூன்யா எலியைத் தலையிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, தானாக, யாரும் சொல்லாமல்.

பின்னால் சமையலறைக் கதவு திறந்தது. காலடி கேட்டுத் திரும்பினாள். நெபோய்ஷா நின்றிருந்தான். கோட்டில் பனி, கையில் ஓட்டை போட்ட காலி பிளாஸ்டிக் பெட்டி. ஸ்ரெச்கோ கடைசியில் உண்மையைச் சொல்லியிருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சண்டைக்குத்தான் வந்திருந்தான். வாயைத் திறந்தான்.

தெசாங்கா விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்! சத்தம் போடாத. சாப்பிடறா."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தாய் மகனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் புரியாமல் நின்றான். பிறகு அவள் தோளுக்கு மேலாக இடுக்கில் எட்டிப் பார்த்தான். எலியின் வால் உள்ளே போய் மறையும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"நீ ஆத்துல போட்டிருப்பியோன்னு நெனச்சேம்மா," என்றான் தணிந்த குரலில்.

"நானும் என்னைப் பத்தி அப்படித்தான்டா நெனச்சிருந்தேன்."

அவன் சமையலறை மேசையோரம் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஏன் இப்படி இளைத்தாய், அங்கே யார் சமைக்கிறார்கள், இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்க அவளுக்கு நூறு கேள்வி இருந்தது. அவள் ஒரு தட்டில் மீனும், ஒரு துண்டு ஸ்லாவா ரொட்டியும் வைத்து அவன் முன்னால் தள்ளினாள். அதற்குள் ரதோய்கா கதவில் தோன்றிவிட்டாள்.

"ஐயோ நெபோய்ஷா! என்னடா இது எலும்பும் தோலுமா! சாப்பிடு ராசா, இந்தா இன்னொரு துண்டு..."

தெசாங்கா அவள் கையைப் பிடித்து ஹால் பக்கம் இழுத்தாள்.

"விடு, ரதோய்கா. வெச்சாச்சு. நாம நகர்ந்துடணும்."

சமையலறைக் கதவை ஒரு விரல் அளவுக்கு மட்டும் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தட்டில் முள்கரண்டி படும் சத்தம் கேட்டது.